ஆகஸ்ட் லாங் வீக்கெண்ட், கேப் டவுனில் அவே மேட்ச்: மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு மலை

மியர்பேங்க் அம்மா · புதன், இரவு 9:14

வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெரியவள் இந்த வருஷம் டர்பனில் எங்கள் கிளப்பின் அண்டர்-18 ஹாக்கி டீமில் லெஃப்ட் ஹாஃப், இடதுபக்கம் ஆடுபவள். ஆகஸ்ட் 9 பெண்கள் தினம் இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் திங்களும் லீவு, அந்த லாங் வீக்கெண்டில் கேப் டவுனில் அவர்களுக்கு இரண்டு மேட்ச் வைத்திருக்கிறார்கள். இடம் ஒப்சர்வேட்டரியில் இருக்கும் ஹார்ட்லிவேல் மைதானம். பிள்ளைகள் கோச்சோடு போய் கோச்சோடு தங்குகிறார்கள். பெற்றோர் வருவதென்றால் அவரவர் செலவு, அவரவர் பாடு.

நான் மேட்ச் பார்க்கத்தான் போகிறேன். ஆனால் வீட்டில் விஷயம் தெரிந்ததும் அது குடும்பச் சுற்றுலாவாக மாறிவிட்டது. வீட்டுக்காரர் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: டேபிள் மவுண்டன், ராபன் தீவு, பெங்குவின், கேப் பாயிண்ட், ஹெர்மானஸில் திமிங்கிலம். சின்னவனுக்கு ஒன்பது வயது, அவனுக்கு வாட்டர்ஃபிரண்டில் இருக்கும் மீன் காட்சியகத்தில் சுறா பார்த்தால் போதும், அக்கா கோல் போட்டாலும் போடாவிட்டாலும் கவலை இல்லை. மாமியாருக்குக் கோயில். அதோடு இது ஆடி, வீட்டில் மாதம் முழுக்க சைவம். அவர் வெளியில் சாப்பிடவே யோசிப்பார்.

ஷெட்யூலில் சனி மதியம் 2, ஞாயிறு காலை 11 என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் "மாறலாம்" என்று இருக்கிறது. வெள்ளி இரவு போய் திங்கள் இரவு திரும்பலாம் என்று நினைக்கிறோம். எங்கே தங்குவது, கார் எடுக்கலாமா, இதில் எதை வெட்டலாம்? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கோலி · புதன், இரவு 9:52

அம்மா, அந்தச் சின்ன எழுத்தைத்தான் பெரிய எழுத்தாகப் படிக்க வேண்டும். நான் இருபத்தைந்து வருஷம் கோல் கீப்பர், இப்போது வயதானவர்களுக்கான மாஸ்டர்ஸ் ஆடுகிறேன், முதலில் போட்ட நேரத்திலேயே நடந்த அவே மேட்ச் என்று கையில் எண்ணிச் சொல்லிவிடுவேன். அஸ்ட்ரோ, அதாவது செயற்கைப் புல் மைதானம், இருப்பது கொஞ்சம், அதற்குச் சண்டை போடும் டீம் நிறைய. லீக் மேட்ச் ஒன்று தள்ளிப்போனால் உங்கள் பிள்ளைகளின் மேட்சைத்தான் முதலில் நகர்த்துவார்கள். வியாழன் ராத்திரி வாட்ஸாப்பில் வரும், "பெற்றோர் கவனத்துக்கு" என்று ஆரம்பிக்கும்.

அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளிலும் காசு கட்டி நேரம் குறித்த எதையும் வைக்காதீர்கள். டிக்கெட் போட்டுப் போகவேண்டியது எல்லாம் திங்கள். மற்ற இரண்டு நாளும் மைதானத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்வரக்கூடியது மட்டும். கேப் பாயிண்ட், ஹெர்மானஸ் இரண்டையும் இப்போதே அடித்துவிடுங்கள். ஹெர்மானஸ் போக 120 கிலோமீட்டர், வர 120. திமிங்கிலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை எங்கேயும் ஓடிவிடாது.

ஒப்ஸ்காரன் · புதன், இரவு 10:20

நான் ஒப்ஸில்தான் இருக்கிறேன், ஹார்ட்லிவேலுக்கு நடந்து போகும் தூரம். இங்கே யாரும் ஒப்சர்வேட்டரி என்று முழுதாகச் சொல்வதில்லை, ஒப்ஸ்தான்.

கோலி ஐயா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். நேரம் குறித்த டிக்கெட் வேண்டாம், சரி. ஆனால் எல்லாவற்றையும் திங்களுக்குத் தள்ளினால் கேப் டவுன் ஆகஸ்டில் உங்களைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? வடமேற்குக் காற்று அடித்தால் கேபிள் கார் நிற்கும், கடல் கொந்தளித்தால் தீவுக்குப் படகும் நிற்கும். திங்கள் மழை என்றால் மூன்று நாள் வந்து ஒன்றும் பார்க்காமல் திரும்புவீர்கள். மலைக்கு நாள் குறிக்காதீர்கள். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்து பாருங்கள், மேலே மேகத் துணி விரித்திருக்கவில்லை என்றால் அப்படியே கிளம்புங்கள், பல் கூட அப்புறம் விளக்கலாம். இன்னொன்று, குளிர்காலத்தில் வருடாந்திரப் பராமரிப்புக்காகக் கேபிள் காரைச் சில நாட்கள் நிறுத்துவார்கள். அந்தத் தேதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்க ஒப்ஸ் போதும். விமான நிலையத்திலிருந்து என்2 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் கால் மணி, இருபது நிமிஷம். லோவர் மெயின் ரோடில் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, சைவமும் நன்றாகவே கிடைக்கும். சீ பாயிண்டில் கடல் பார்த்துத் தங்கினால் அழகுதான், ஆனால் ஒவ்வொரு மேட்சுக்கும் ஊரைத் தாண்டி வரவேண்டும்.

சும்மா பார்க்கிறேன் · வியாழன், காலை 6:41

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் ஆடும் ஒரு நட்பு மேட்சுக்கு நாலு பேர் விமானத்தில் போவது தேவையா? எள்ளு எண்ணெய்க்காகக் காய்கிறது, கூடவே எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது?

மியர்பேங்க் அம்மா · வியாழன், காலை 7:05

எலிப்புழுக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். நாலு வருஷமாக வாரம் மூன்று நாள் குவீன்ஸ்மீட் மைதானத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்து காய்கிறேன், கேப் டவுனிலும் கொஞ்சம் காய்ந்துவிட்டு வருகிறேன். அடுத்த வருஷம் அவளுக்கு மெட்ரிக், பள்ளியில் கடைசி வருஷம். இனி இப்படி ஒரு பயணம் எப்போது வரும் என்று தெரியாது.

சாட்ஸ்வொர்த் தாத்தா · வியாழன், காலை 8:30

நன்றாகச் சொன்னீர்கள் மகளே. போய்வாருங்கள்.

ஹார்ட்லிவேல் என்றதும் எனக்குப் பழசெல்லாம் வருகிறது. அறுபதுகளில் அது கால்பந்து மைதானம். எழுபதுகளில் நாங்கள் டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு ஹாக்கி ஆடப் போனது விமானத்தில் இல்லை, இரண்டு கோம்பி வேன்களில். அப்போது நமக்கு அஸ்ட்ரோவும் கிடையாது, புல்லும் சரியாகக் கிடையாது, சரளை மைதானம். விழுந்தால் முழங்காலில் மேப் வரைந்துவிடும். 1973இல் சாகோஸ் வந்தது, நிறவெறியை எதிர்த்த விளையாட்டு அமைப்பு. "இயல்பு கெட்ட சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது" என்பது அவர்கள் கொள்கை. வெள்ளையர் சங்கத்தோடு சேராமல் தனியே ஆடினோம்.

வழி இரண்டு. ஒன்று ஃப்ரீ ஸ்டேட் வழியாக, இன்னொன்று டிரான்ஸ்கை வழியாக, எப்படிப் போனாலும் 1,600 கிலோமீட்டருக்குக் குறையாது. ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு சங்கடம் இருந்தது. இந்தியர்கள் அங்கே குடியிருக்கவோ இரவு தங்கவோ கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம், எண்பதுகளின் நடுவில்தான் எடுத்தார்கள். அதனால் ஹாரிஸ்மித் தாண்டினால் பெட்ரோலுக்கு மட்டும் நிறுத்துவது, டிரைவர் மாற்றுவது, மறுபடி ஓட்டுவது. அம்மா கட்டித் தந்த புளிச்சோறுதான் வழி முழுக்க. கேப் டவுனில் ஹோட்டல் பேச்சே இல்லை. ரைலண்ட்ஸில், ஆத்லோனில் வீட்டுக்கு இரண்டு பேராகப் பிரித்துக்கொடுப்பார்கள். நான் தங்கின வீட்டில் அவர்கள் பிள்ளைகளைத் தரையில் படுக்கவைத்து எனக்குக் கட்டில் கொடுத்தார்கள். அந்த மேட்சில் எத்தனை கோல் என்று மறந்துவிட்டது, அந்தக் கட்டிலில் இருந்த பச்சைப் போர்வை நினைவிருக்கிறது.

ரைலண்ட்ஸ் அக்கா · வியாழன், காலை 10:12

தாத்தா, அந்தப் பச்சைப் போர்வை எங்கள் தெருவில் எந்த வீட்டுடையது என்று கேட்டுப் பார்க்கிறேன், இங்கே எதையும் தூக்கிப்போட மாட்டார்கள்!

மியர்பேங்க் தங்கச்சி, உங்கள் மாமியாரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ரைலண்ட்ஸில் சிவ ஆலயம் இருக்கிறது, ஒப்ஸிலிருந்து காரில் இருபது நிமிஷம். ஆடி மாதம் என்பதால் வெள்ளி ஞாயிறுகளில் கூட்டம் இருக்கும். ஞாயிறு மேட்ச் முடிந்து வாருங்கள், அல்லது சனி சாயங்காலம். ஆத்லோன் பக்கம் வந்தால் வீட்டுக்காரரும் பையனும் கேட்ஸ்பி சாப்பிடாமல் போகக்கூடாது. நீள ரொட்டியைப் பிளந்து உள்ளே சிப்ஸ், இறைச்சி, சாஸ் எல்லாம் திணித்து நாலாக வெட்டித் தருவார்கள், ஒன்று வாங்கினால் நாலு பேர். ஆடி என்பதால் உங்களுக்குச் சிப்ஸ் மட்டும் வைத்தது.

கணக்குப்பிள்ளை · வியாழன், மதியம் 12:40

சிப்ஸ் மட்டும் வைத்த ரொட்டிக்கு 1,600 கிலோமீட்டரா? ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றும் நம் பன்னி சௌவுக்கு முன்னால் அதெல்லாம் நிற்குமா?

சரி, வேலைக்கு வருவோம். கார் விஷயம். மூன்று நாளைக்கு வாடகைக் கார், பெட்ரோல், பார்க்கிங், நிறுத்திய காரைப் பார்த்துக்கொள்ளும் கார் கார்டுக்கு ஒவ்வொரு இடத்திலும் சில்லறை என்று எல்லாம் கூட்டுங்கள். ஒப்ஸில் தங்கினால் மைதானத்துக்கு நடந்தே போகலாம், மற்றதுக்கு நாலு பேருக்கு ஊபர் அல்லது போல்ட் மலிவாக முடியும். பெங்குவின் பார்க்க பௌல்டர்ஸ் போவதென்றால் மட்டும் அந்த ஒரு நாளுக்குக் கார் எடுங்கள்.

விமானம். லாங் வீக்கெண்டில் வெள்ளி சாயங்காலமும் திங்கள் சாயங்காலமும்தான் எல்லாரும் கேட்பார்கள், விலை ஏறும். செவ்வாய் விடிகாலை விமானம் இருந்தால் பாருங்கள். பள்ளிக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் பரவாயில்லை என்றால் மிச்சம் வரும்.

பழைய கோலி · வியாழன், மதியம் 1:15

மட்டை பற்றி யாரும் சொல்லவில்லை. மகள் டீமோடு போவதால் கிட் அவர்கள் பொறுப்பு, ஆனால் கடைசி நேரத்தில் "அம்மா, இன்னொரு மட்டையை நீ கொண்டுவா" என்பாள், எல்லாப் பிள்ளையும் சொல்லும். ஹாக்கி மட்டை கேபினுக்குள் ஏறாது, பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். மூன்றடி மட்டை, பெரிய பெட்டியில் மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தாலும் நாலு விரல் வெளியே நிற்கும். தனி மட்டைப் பையில் போட்டு, நடுவில் துண்டு சுற்றி, லக்கேஜாகப் போடுங்கள். விளையாட்டுச் சாமானுக்குத் தனிக் கட்டணமா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள், கவுண்டரில் போய்த் தெரிந்துகொண்டால் அதிகம் ஆகும்.

இன்னொன்று. மேட்ச் முடிந்து கிட் பையைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒரு தடவை நாங்கள் ஆறு பேர் பக்கி என்னும் பிக்கப் வண்டியின் பின்னால் எல்லாப் பையையும் போட்டுவிட்டு ஒரு கடையில் உட்கார்ந்தோம், நாற்பது நிமிஷம்தான். திரும்பி வந்தால் என் கீப்பர் பை மட்டும் அப்படியே இருக்கிறது. மற்ற ஐந்தும் போயிற்று. என் பையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறார்கள், ஜிப் பாதியில் நின்றது.

ஜோபர்க் பையன் · வியாழன், மாலை 5:30

ஹஹ்ஹா ஐயா.

எல்லாரும் கேப் டவுன் கேப் டவுன் என்கிறீர்கள். அடுத்த அவே மேட்ச் எங்கள் பக்கம் வையுங்கள். ராண்ட்பர்க்கில் அஸ்ட்ரோ இருக்கிறது, பிரிட்டோரியாவில் பல்கலைக்கழக மைதானம் இருக்கிறது, நடுவில் கவ்ட்ரெய்ன் ரயில் ஓடுகிறது, மழை பயம் குளிர்காலத்தில் சுத்தமாக இல்லை. பிராம்ஃபொன்டைன் கல்லறையில் காந்தியின் சத்தியாகிரகத்தில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையையும் நாகப்பனையும் பார்த்துவிட்டு, ஃபோர்ட்ஸ்பர்க்கில் சாப்பிட்டுவிட்டு, மெல்ரோஸ் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போகலாம். உங்கள் மாமியாருக்கு இதைவிட நல்ல திட்டம் கிடையாது.

பழைய கோலி · வியாழன், மாலை 5:48

தம்பி, ஜோபர்க் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டர்பன் பிள்ளைகள் கடல் மட்டத்தில் மூச்சு விட்டுப் பழகினவர்கள். மூன்றாவது குவார்டரில் எங்கள் மிட்ஃபீல்டு முழுக்கக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதைப் பார்த்து உங்கள் ஆட்கள் சிரிப்பீர்கள். அந்தக் குளிரில் உதடும் வெடிக்கும். வருகிறோம், ஆனால் இப்போது இல்லை.

மியர்பேங்க் அம்மா · வெள்ளி, இரவு 8:20

எல்லாருக்கும் நன்றி. ஒப்ஸில் இரண்டு அறை, சமையலறையோடு ஒரு வீடு பிடித்துவிட்டோம், கார் இல்லை. திங்கள் இரவு கடைசி விமானம். மாமியார் விஷயத்தில் ஒரு திருப்பம்: எங்கள் கோயிலில் கூழ் ஊற்றுவது 9ஆம் தேதியா 2ஆம் தேதியா என்று ஒரு வாரம் பிடிவாதச் சண்டை. இங்கே பிள்ளைகள் எல்லாம் "போரிஜ் பிரேயர்" என்றுதான் சொல்லும், கேழ்வரகு என்றால் என்ன என்று கேட்கும். ஆனால் ஆயா, அதாவது மாமியார், கிளறாத அண்டாவில் கூழ் சரியாக வராது என்று அங்கே ஒரு நம்பிக்கை. கடைசியில் 2ஆம் தேதி என்று ஆனது. ஆயா வருகிறார்.

வீட்டுக்காரரோடு இன்னும் முடியவில்லை. சனி காலை மகளைக் கோச்சிடம் கேட்டு அழைத்துக்கொண்டு லயன்ஸ் ஹெட் ஏறலாம் என்கிறார். 669 மீட்டர்தானே, இரண்டு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம், மேட்ச் மதியம்தானே என்கிறார்.

பழைய கோலி · வெள்ளி, இரவு 8:31

வேண்டாம் வேண்டாம் வேண்டாம். இறங்கும்போது தொடை போய்விடும். லெஃப்ட் ஹாஃப் என்றால் அறுபது நிமிஷமும் பக்கவாட்டில் ஓடிக் குனிந்து தட்டவேண்டும். கோச்சிடம் கேட்டுக்கூடப் பார்க்காதீர்கள், கேட்டதற்கே பெஞ்சில் உட்காரவைப்பார்.

ஒப்ஸ்காரன் · வெள்ளி, இரவு 9:10

அண்ணனை மலையிலிருந்து இறக்க வேறு வழி சொல்கிறேன். மைதானத்தைச் சுற்றியே பார்க்க இருக்கிறது. மேலே தெரியும் பெரிய கட்டடம் குரூட் ஸ்கூர் மருத்துவமனை, 1967 டிசம்பரில் உலகத்தின் முதல் மனித இதய மாற்று அறுவை நடந்த இடம். பழைய அறுவை அரங்கை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், முன்னாலேயே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். மைதானத்துக்குக் கொஞ்சம் தள்ளி வானாய்வுக்கூடம், 1820இல் ஆரம்பித்தது, ஒப்ஸுக்குப் பெயரே அதிலிருந்துதான். சிக்னல் ஹில்லில் தினமும் மதியம் 12க்கு வெடிக்கும் பீரங்கிக்கு நேரம் இங்கிருந்துதான் போகிறது. ஞாயிறு வெடிக்காது, சனி கேட்கலாம், தம்பிக்குப் பிடிக்கும். நிறவெறி அரசு மக்களை வீடு வீடாகக் கிளப்பி விரட்டிய இடம் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், அதன் அருங்காட்சியகம் காரில் பத்து நிமிஷம். அதைத் தாத்தா சொன்ன பச்சைப் போர்வையோடு சேர்த்துப் பாருங்கள், நிறைய புரியும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், டர்பன்காரர்கள் எல்லாரும் ஏமாறுவது. ஒரே கடிகாரம், ஆனால் சூரியன் ஒன்று இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் இங்கே விடிய ஏழரை ஆகும், உங்களைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதம். காலை ஒன்பது மணி மேட்ச் என்றால் அஸ்ட்ரோவில் கால் வைத்தால் சாக்ஸ் வழியாகக் குளிர் ஏறும். குடை கொண்டுவராதீர்கள், இரண்டு நிமிஷத்தில் காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு.

மியர்பேங்க் அம்மா · வியாழன், இரவு 10:37

வந்துவிட்டது. "பெற்றோர் கவனத்துக்கு." சனி மேட்ச் மதியம் 2 இல்லை, காலை 9. ஞாயிறு 11 இல்லை, மதியம் 1:30.

பழைய கோலி · வியாழன், இரவு 10:39

😄

மியர்பேங்க் அம்மா · வியாழன், இரவு 10:44

சிரிக்காதீர்கள் ஐயா. வீட்டுக்காரர் எனக்குச் சொல்லாமல் சனி காலை 9 மணி ராபன் தீவுப் படகுக்கு மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறார். மேட்ச் மதியம்தானே, மூன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்ற கணக்கு.

கணக்குப்பிள்ளை · வியாழன், இரவு 11:02

கணக்கு சரிதான். சின்ன எழுத்தைத்தான் கூட்டவில்லை.

மியர்பேங்க் அம்மா · புதன், இரவு 9:30

வந்து சேர்ந்தோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

வெள்ளி இரவு கிங் ஷாகா விமான நிலையம் போய்ச் சேர்வதே ஒரு பயணம். பழைய விமான நிலையம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது, விமானம் இறங்கினால் ஜன்னல் கண்ணாடி அதிரும், அதை 2010இல் மூடிவிட்டு ஊரின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோனார்கள். ஒப்ஸ் வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. ஆயா பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது அடுக்கு டிபன், அதில் எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு, தனியாக ஊறுகாய். நான் சமையலறை இருக்கிற வீடு என்று தேடித் தேடிப் பிடித்தது எதற்கு என்று கேட்கவில்லை.

சனி காலை. படகு டிக்கெட்டை என்ன செய்வது என்று இரவெல்லாம் பேசாமல் சண்டை. கடைசியில் அவரும் சின்னவனும் வாட்டர்ஃபிரண்ட் போனார்கள், நானும் ஆயாவும் இருட்டிலேயே எழுந்து மைதானத்துக்கு நடந்தோம். எட்டரைக்குப் பிள்ளைகள் வார்ம்-அப் ஆரம்பித்தபோது அஸ்ட்ரோவில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்த நீல விரிப்பிலிருந்து ஆவிபோல எழும்பியது, டெவில்ஸ் பீக் அப்போதுதான் வெளுத்தது. இரண்டாம் குவார்டரில் பார்த்தால் வேலிப் பக்கம் வீட்டுக்காரர் நிற்கிறார். கடல் சரியில்லை, படகு இல்லை, காசைத் திருப்பித் தந்துவிடுவார்களாம். "காலையிலேயே தெரிந்திருந்தால் முதலிலிருந்து பார்த்திருக்கலாம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

1-3 தோற்றோம். மூன்றாவது கோல் என் மகள் பக்கமிருந்துதான் வந்தது, அவளைத் தாண்டிப் போன பெண் ஒரு தலை உயரம் அதிகம். முடிந்து அவள் எங்களிடம் வரவில்லை, மட்டையைத் தலைகீழாகப் பிடித்து அதன் முனையில் சுற்றியிருந்த டேப்பை உரித்துக்கொண்டே டீமோடு உட்கார்ந்திருந்தாள். கோச் எங்களைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், வராதீர்கள் என்று அர்த்தம். இதுதான் நாம் தனியாகப் பயணம் போவதில் கஷ்டமான பாகம் என்று யாரும் இங்கே எழுதவில்லை. இவ்வளவு தூரம் போய், முப்பது மீட்டர் தள்ளி நிற்கவேண்டும்.

மதியம் மீன் காட்சியகம், சுறா, சின்னவன் ஒரு மணி நேரம் கண்ணாடியை விட்டு நகரவில்லை. பீரங்கிச் சத்தம் வழியிலேயே கேட்டது, அவன் துள்ளிவிட்டான். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் போக நேரமில்லை, வருத்தம்தான்.

ஞாயிறு மழை. விட்டு விட்டுக் கொட்டியது. பந்து தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது, சில மூலைகளில் தேங்கியதில் திடீரென்று நின்றது, இரண்டு பக்கமும் தட்டுத்தடுமாறி ஆடினார்கள். ஒப்ஸ்காரன் தம்பி தன் நண்பர்கள் இருவரோடு வந்து டர்பனுக்குக் கத்தினார், நன்றி. ஆயா சால்வைக்கு மேல் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேலியைப் பிடித்தபடி, விதி ஒன்றும் தெரியாமல், எப்போதெல்லாம் பேத்தி கிட்டே பந்து வந்ததோ அப்போதெல்லாம் "அடிடா கண்ணு!" என்றார். பக்கத்தில் நின்ற எதிரணி அப்பா ஒருவரும் நாலாவது குவார்டரில் அதையே சொல்ல ஆரம்பித்தார், உச்சரிப்பு கொஞ்சம் கேப் டவுன். பெனால்டி கார்னரில் கடைசியில் 2-2. இந்தத் தடவை அவளே ஓடி வந்தாள், நனைந்த தலையோடு ஆயாவைக் கட்டிக்கொண்டாள்.

மாலை ரைலண்ட்ஸ் கோயில். ரைலண்ட்ஸ் அக்கா வாசலில் நின்றிருந்தார், பார்த்ததும் ஆயாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார், அப்புறம் ஒரு மணி நேரம் எங்களுக்கு ஆயா கிடைக்கவில்லை. டர்பனில் யார் வீட்டுப் பெண் யாருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள் என்று கணக்கெடுப்பு நடந்தது. கேட்ஸ்பி சிப்ஸ் மட்டும் வைத்ததுதான், கணக்குப்பிள்ளைக்குச் சொல்கிறேன்: பன்னி சௌவோடு ஒப்பிடாமல் சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது.

திங்கள் காலை 7:40க்குப் போன். ஒப்ஸ்காரன் தம்பி. "அக்கா, மலை திறந்திருக்கிறது, உடனே கிளம்புங்கள்." பல் விளக்கிவிட்டுத்தான் போனோம். கேபிள் கார் மேலே போகும்போது தரை மெதுவாகச் சுற்றும், ஜன்னல் சுற்றாது. யாரும் ஆயாவிடம் சொல்லவில்லை. அவர் பயத்தில் ஜன்னல் பக்கக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், கால் ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் நிற்கிறது, "யாரோ என்னை இழுக்கிறார்கள்" என்று சத்தம். உச்சியில் அரை மணி நேரம் வெயில், அப்புறம் மேகம் வந்து மூடியது. அந்த அரை மணி நேரத்தில் தீவு தெரிந்தது. வீட்டுக்காரர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாட்ஸ்வொர்த் தாத்தா · புதன், இரவு 9:58

நிறவெறியை எதிர்த்த டர்பன்காரர் பில்லி நாயர் அந்தத் தீவுச் சிறையில் இருபது வருஷம் இருந்தார். அடுத்த முறை படகு கிடைக்கும் மகளே.

ரைலண்ட்ஸ் அக்கா · புதன், இரவு 10:03

தாத்தா, போர்வை கிடைக்கவில்லை. ஆனால் எதிர்த்தெரு மாமி ஒருவர், எழுபதுகளில் டர்பன் ஹாக்கிக்காரர்கள் தங்கினார்கள், ஒருவன் எல்லா ரசத்தையும் குடித்தான் என்கிறார். நீங்களா?

சாட்ஸ்வொர்த் தாத்தா · புதன், இரவு 10:06

அது வேறு ஆள்.

மியர்பேங்க் அம்மா · வியாழன், காலை 6:50

ஒரு உதவி. மகளுடைய ஷின் பேட் ஒன்று மட்டும் இல்லை, இடது கால். ஞாயிறு நனைந்ததை எங்களிடம் கொடுத்தாள், வீட்டுப் பால்கனியில் காயப்போட்டோம், ஒன்றைத்தான் எடுத்திருக்கிறோம். சனிக்கிழமை இங்கே மேட்ச்.

ஒப்ஸ்காரன் · வியாழன், காலை 7:30

நீங்கள் தங்கின வீட்டின் சொந்தக்காரரிடம் பேசிவிட்டேன் அக்கா, எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் சனிக்குள் எப்படி அனுப்புவது?

பழைய கோலி · வியாழன், காலை 7:41

சனிக்கு என்னிடம் பழைய ஜோடி இருக்கிறது, குவீன்ஸ்மீட் கேட்டில் தருகிறேன். மாதக் கடைசியில் மாஸ்டர்ஸ் மேட்சுக்கு நானே ஒப்ஸ் வருகிறேன், அதை எடுத்துவருகிறேன். வாசனை எப்படி?

ஒப்ஸ்காரன் · வியாழன், காலை 7:44

இன்னும் பால்கனியில்தான் இருக்கிறது ஐயா.